கிரீன்ஃபீல்டு வில்லேஜ்: பெயர்த்து நட்ட வீடுகளுக்கு நடுவே ஓர் அக்டோபர் நாள்

டெட்ராய்ட்டை ஒட்டியிருக்கும் டியர்பார்ன் நகரின் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு இதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் கால் நோக நடந்ததுதான் மிச்சம். 80 ஏக்கர் பரப்பில் நூறுக்குச் சற்றுக் குறைவான பழைய கட்டடங்கள் நிற்கின்றன. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கோடு உள்ளே நுழைந்தால், மாலையில் பிள்ளைகளின் நினைவில் நிற்பது ஐஸ்கிரீம் மட்டும்தான். ஆகவே மூன்றாவது முறை, இந்த அக்டோபர் முதல் வாரத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தே இடங்கள் என்று முடிவுசெய்துகொண்டு போனோம். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த ஒரு நாளைப் பற்றியது.

எங்கள் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. நான்கு ஆண்டுகளாக இருவருக்கும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம். மிச்சிகன் மாநிலத்தில் வீட்டுக்கல்விக்காக அரசிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வாசிப்பு, கணிதம், அறிவியல், வரலாறு, குடிமையியல் முதலான பாடங்களைக் கற்பித்தாக வேண்டும். வரலாற்றையும் அறிவியலையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நடத்திவிடலாம் என்ற பேராசையில் இருபது கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை முந்தைய இரவே அச்சிட்டு வைத்திருந்தேன். அது மதியத்துக்கு முன்பே என் கைப்பையின் அடிக்குப் போய்விட்டது, போனதும் நல்லதாயிற்று. ஆறு மாத விசாவில் சென்னிமலையிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் உடன் வந்தார். அன்றைய நாள் நான் போட்ட திட்டப்படி நடக்காமல் வேறு மாதிரி நடந்ததற்கு அவரே காரணம்.

வில்லேஜ் என்று பெயர் இருந்தாலும் அது யாரும் பிறந்து வளர்ந்த ஊரல்ல. ஹென்றி ஃபோர்டு தமக்குப் பிடித்த வீடுகளையும் பட்டறைகளையும் கடைகளையும் அவை இருந்த ஊர்களிலிருந்து பெயர்த்து, பலகை பலகையாக, செங்கல் செங்கலாகக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார். 1929 அக்டோபர் 21 அன்று, எடிசனின் மின்விளக்குக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், இதன் தொடக்க விழா நடந்தது. குடியரசுத் தலைவர் ஹூவரும் மேரி கியூரியும் ஓர்வில் ரைட்டும் வந்திருந்தார்கள். வரலாறு என்பதெல்லாம் ஏறக்குறைய வெறும் பிதற்றல் என்று 1916-இல் ஒரு செய்தித்தாளிடம் சொன்னவரும் இதே ஃபோர்டுதான். அரசர்களையும் போர்களையும் பற்றிய வரலாற்றைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது இந்த இடத்தைப் பார்த்தால் புரிகிறது. ஏர், செக்கு, தறி, ரயில் இன்ஜின், சைக்கிள் கடை இவற்றின் வரலாறு அவருக்குப் பிதற்றலாகத் தோன்றவில்லை.

இதில் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பணக்காரரின் விருப்பம் தொகுத்த ஊர் என்பதால் இங்கே காலவரிசையும் கிடையாது, இடவரிசையும் கிடையாது. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்டு மலைப்பகுதியிலிருந்து வந்த கல்வீடு, மேரிலாந்தின் புகையிலைத் தோட்ட வீடு, இல்லினாயில் ஆப்ரகாம் லிங்கன் வழக்காடிய நீதிமன்றம் எல்லாம் ஒரே மாலை நடைக்குள் வந்துவிடுகின்றன. எதற்குப் பின் எது வந்தது என்ற சரட்டைக் கோத்துக் கொடுப்பது உடன் போகும் பெரியவர்களின் வேலை. நாங்கள் ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைகளை ஒரே கேள்வியைக் கேட்கப் பழக்கினோம்: "இது உண்மையாகவே அந்த வீடா, எங்கிருந்து வந்தது?" நான் அச்சிட்ட இருபது கேள்விகளும் சாதிக்காததை அந்த ஒரு கேள்வி சாதித்தது.

காலை 9.30 மணிக்குக் கதவு திறக்கிறது. வார நாளில், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள் என்பது என் அழுத்தமான பரிந்துரை. பள்ளிப் பேருந்துகள் வந்து இறங்குவதற்கு முன் கிடைக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில், அந்தக் காலத்து உடையில் நிற்கும் பணியாளர்கள் நம் பிள்ளைகளோடு நின்று நிதானமாகப் பேசுகிறார்கள். மேப்பிள் மரங்கள் பாதி பச்சையும் பாதி சிவப்புமாக இருந்தன. அக்டோபர் இரவுகளில் தனிக் கட்டணத்தில் நடக்கும் ஹாலோவீன் நிகழ்ச்சிக்காக, குடைந்த பூசணிக்காய்களைப் பாதையோரங்களில் அடுக்கியிருந்தார்கள். இத்தனை காயை வீணாக்குகிறார்களே என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. காலையில் நல்ல குளிர். மதியம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் வெயில். குழந்தைகளுக்கு அடுக்கடுக்காக உடுத்தி அழைத்துப் போவதே சரி.

முதலில் போனது ஃபயர்ஸ்டோன் பண்ணை. டயர் நிறுவனம் தொடங்கிய ஹார்வி ஃபயர்ஸ்டோன் சிறுவனாக வாழ்ந்த செங்கல் வீடு இது. 1828-இல் ஒஹாயோவில் கட்டப்பட்டு, 1983-இல் இங்கே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பண்ணை 1880-களின் முறையில் இன்றும் நடக்கிறது. உடம்பெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்கும் மெரினோ ஆடுகளை என் மகன் வேலியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தான். மடிப்பு கூடினால் தோலின் பரப்பு கூடும், கம்பளியும் கூடும் என்பதற்காகவே அப்படி வளர்த்தார்கள் என்று பண்ணையாள் விளக்கினார். பரப்பளவு என்ற சொல்லை இவனுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்தது. சமையலறையில் இரும்பு அடுப்பில் விறகு வைத்து இரண்டு பெண்கள் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்தார்கள். அது பணியாளர்களே உட்கார்ந்து உண்பதற்கானது, பார்வையாளர்களுக்குக் கிடையாது. மணத்தை மட்டும் நுகர்ந்துவிட்டு நகர வேண்டும்.

அடுத்து நெசவுக்கூடம். பத்து நிமிடம் என்று என் திட்டத்தில் எழுதியிருந்த இடத்தில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம். ஜார்ஜியாவிலிருந்து கொண்டுவந்த பழைய பருத்தி அரவைக் கட்டடம் அது. உள்ளே பல காலத்துத் தறிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு துணியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு. என் அம்மா சென்னிமலையில் பதினைந்து ஆண்டுகள் ஜக்கார்டு தறியில் பெட்ஷீட் நெய்தவர். அதுவரை முழங்கால் வலிக்கிறது என்று பெஞ்சு தேடிக்கொண்டு வந்தவர், தறிச் சத்தம் கேட்டதும் எங்களுக்கு முன்னால் போய் நின்றார். "இதென்ன சாமி, நம்மூட்டுத் தறியாட்டவே இருக்குது" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, அண்ணாந்து மேலே தொங்கிய அட்டைகளை எண்ணத் தொடங்கினார். "அட்டை கம்மியா இருக்குது. பூவு சின்னதாத்தான் விழும்" என்றார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், நெய்துகொண்டிருந்த பெண்மணி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

அதன்பிறகு நடந்தது இரண்டு நெசவாளர்களுக்கு இடையிலான பேச்சு. நான் நடுவே தடுமாறிய மொழிபெயர்ப்பாளர். பாவு, ஊடை, நாடா, விழுது, மிதி என்று அம்மா விரல் நீட்டிச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண்மணி தம் மொழிப் பெயர்களைச் சொன்னார். அவற்றில் பாதிக்கு எனக்கே ஆங்கிலம் தெரியாது என்பதை அங்கேதான் உணர்ந்தேன். தறியைத் தொட அனுமதி இல்லை. ஆனால் அவர் இரண்டு துண்டு நூலைக் கொடுத்து, அறுந்த இழையை உங்கள் ஊரில் எப்படி முடிபோடுவீர்கள் என்று கேட்டார். அம்மா இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு நுனிகளையும் வைத்து, ஒரு சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இழுத்தார். கண்ணிமைப்பதற்குள் முடி விழுந்துவிட்டது. அந்தப் பெண்மணி தம் முடியைப் போட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றேதான். என் மகள் அந்த இரண்டு துண்டுகளையும் கேட்டு வாங்கித் தன் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அட்டையில் இருக்கும் ஓட்டைக்கும் துணியில் விழும் பூவுக்கும் என்ன தொடர்பு என்று மகள் கேட்டபோது அவளுடைய அம்மிச்சி சொன்ன விடையை அப்படியே எழுதுகிறேன்: "ஓட்டை இருந்தா நூல் தூக்கும் கண்ணு, இல்லீன்னா படுத்துக்கும்." 1804-இல் லியோன் நகரத்து ஜக்கார்டு கண்டுபிடித்த பொறியின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் என்ற பொறியாளர் துளை அட்டைகளால் எண்ணியதும், பிற்காலக் கணினிகள் அட்டையில் நிரல் படித்ததும் இதே வழியில் வந்தவை என்று வீடு திரும்பிய பிறகு பாடமாக நடத்தினேன். கணினியின் ஒன்று, பூஜ்யம் என்றால் என்ன என்பது மகளுக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. நான் சேர்த்தது பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டுமே.

எடிசனின் மென்லோ பார்க் ஆய்வகத்துக்குப் போனபோது பள்ளிக் கூட்டம் வந்துவிட்டது. இருந்தும் மாடியில் நிற்க இடம் கிடைத்தது. சுவர் முழுக்க அடுக்கடுக்காக இரசாயனப் புட்டிகள், கோடியில் ஒரு குழலிசைப் பெட்டி, நடுவே நீள மேசைகள். "இது உண்மையாகவே அந்த வீடா?" என்ற எங்கள் கேள்விக்கு இங்கேதான் மிகச் சுவையான விடை கிடைக்கிறது. நியூஜெர்சியில் இருந்த அசல் கட்டடம் ஃபோர்டு போய்ப் பார்த்த காலத்தில் ஏற்கெனவே பாழாகிப் போயிருந்தது. அக்கம்பக்கத்தில் வேறு கட்டடங்களுக்குப் போயிருந்த பலகைகளில் கிடைத்தவற்றைத் தேடிப்பிடித்து, படங்களையும் நினைவுகளையும் வைத்துத் திரும்பக் கட்டினார். அது போதாதென்று, ஆய்வகம் நின்ற மண்ணையும் வெட்டி ரயில் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆக, கட்டடம் பாதி மறுபிறவி. மண் மட்டும் அசல். திறப்பு விழாவன்று 82 வயது எடிசன் இதே மாடியில் உட்கார்ந்து விளக்கேற்றிக் காட்டினார். அவர் எழுந்து போனதும் அந்த நாற்காலியை இருந்த இடத்திலேயே தரையோடு ஆணியடித்து வைக்கச் சொன்னார் ஃபோர்டு. இன்றும் அது அப்படியே இருக்கிறது. பக்தி என்று சொல்வதா, பைத்தியம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. என் மகனோ ஆணி எங்கே அடித்திருக்கிறது என்று குனிந்து தேடினான்.

1877-ஆம் ஆண்டின் தகரத்தாள் ஒலிப்பதிவுக் கருவியின் நகலில் பணியாளர் ஒருவர் குழந்தைப் பாட்டு ஒன்றைப் பேசிப் பதிந்து, திரும்பச் சுழற்றிக் கேட்கவைத்தார். டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு பேசுவது போல ஒரு குரல் வந்தது. எதிரே நிற்கும் சாரா ஜோர்டன் விடுதி மறுபிறவியல்ல, அசல். எடிசனின் வேலையாட்கள் தங்கியிருந்த அந்த வீடு, 1879-இல் முதன்முதலாக மின்விளக்குக் கம்பி இழுக்கப்பட்ட வீடுகளில் ஒன்று. கூட்டமெல்லாம் ஆய்வகத்துக்கே போவதால் இங்கே அமைதியாக நின்று பார்க்கலாம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இங்கே சொல்ல வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு: எடிசன் இதே மிச்சிகனில், போர்ட் ஹியூரன் ஊரில், சில மாதங்களே பள்ளிக்குப் போனார், பிறகு அவருடைய தாயார் நான்சி வீட்டில் வைத்துக் கற்பித்தார். அதைக் கேட்டதும் என் மகன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோரிக்கை இருந்தது. மின்விளக்குக்குப் பதில் எதைக் கண்டுபிடிப்பது என்று யோசிக்கிறானாம்.

ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையும் அவர்கள் வாழ்ந்த வீடும் ஒஹாயோவின் டேட்டன் நகரிலிருந்து 1937-இல் வந்தவை. இவை இரண்டும் அசல். முன்புறம் கடை, பின்புறம் பட்டறை. 1903-இல் 12 வினாடி பறந்த விமானத்தின் பாகங்கள் அந்தப் பின்கட்டில் உருவாயின. 1899-இல் வில்பர், சைக்கிள் டியூப் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கையில் முறுக்கிப் பார்த்தபோதுதான் இறக்கையை முறுக்கி விமானத்தைச் சாய்க்கும் யோசனை பிறந்தது. வீட்டில் பற்பசைப் பெட்டியின் இரு முனைகளையும் வெட்டி முறுக்கிப் பார்த்துவிட்டுப் போனால் இந்தக் கடை பேசும். பார்க்காமல் போனால் இது பழைய சைக்கிள்கள் தொங்கும் ஓர் அறை, அவ்வளவே. முந்தைய இரண்டு முறையும் எங்களுக்கு அது வெறும் அறையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரின் அழகான வராந்தாக்களுக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே, ஜார்ஜியாவின் ஹெர்மிடேஜ் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு சிறிய செங்கல் வீடுகள் நிற்கின்றன. அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த ஒற்றை அறைகள் அவை. சற்றுத் தள்ளி மேட்டாக்ஸ் குடும்பத்தின் மரவீடு. அடிமை முறை ஒழிந்த பிறகு சொந்த நிலத்தில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பம் அது. குளிர்காற்று புகாமல் இருக்க உட்சுவர் முழுக்கச் செய்தித்தாள்களை ஒட்டியிருக்கிறார்கள். மகள் சுவரருகே நின்று அந்த விளம்பரங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். என் அம்மா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தம் கல்யாணத்துக்கு முன் இருந்த வீட்டிலும் இப்படித்தான் காகிதம் ஒட்டியிருந்தோம் என்றார். அதை அதுவரை எனக்கு அவர் சொன்னதில்லை. ரைட் வீட்டிலிருந்து நேராகச் சவாரிகளுக்கு ஓடிவிடாமல் பிள்ளைகளை இங்கே கட்டாயம் அழைத்துவாருங்கள். கூட்டம் குறைவாக இருக்கும். கேள்விகள் நிறைய வரும்.

சவாரிகளுக்கு நுழைவுச்சீட்டு போகத் தனிக் கட்டணம். வண்டி நிறுத்தத்துக்கும் தனி. நாள் முழுவதற்குமான சவாரிச் சீட்டு வாங்கினால் நீராவி ரயில், மாடல் டி கார், 1913-ஆம் ஆண்டின் குதிரை ராட்டினம் எல்லாவற்றிலும் ஏறலாம். ஒன்றே ஒன்றுதான் என்றால் மாடல் டி-யைத் தேர்ந்தெடுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான அந்தக் காரில், ஓட்டுநர் அருகே உட்கார்ந்து மூன்று மிதிகளையும் கவனித்தால் இன்றைய கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் தலை சுற்றும்: வேகம் கூட்டுவது காலில் இல்லை, ஸ்டியரிங்கின் அடியில் இருக்கும் கைப்பிடியில். ரயில் ஊரைச் சுற்றி வருகிறது. 1873-இல் செய்த இன்ஜின் ஒன்றும் இவர்களிடம் ஓடுநிலையில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ரயில் சவாரி ஓய்வும் கூட. தள்ளுவண்டிகளை வீடுகளுக்குள் கொண்டுபோக முடியாது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் தூக்குபை எடுத்துச் செல்லவும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் ஈகிள் டேவர்ன் 1850-ஆம் ஆண்டு மிச்சிகன் உணவை அந்தக் காலத்துச் சூழலிலேயே பரிமாறும் இடம். சைவர்கள் உணவுப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போவது நல்லது. நாங்கள் காலையில் காரிலேயே இட்லியும் பொடியும் முடித்துக்கொண்டு, மதியத்தை நொறுக்குத்தீனியில் ஓட்டிவிட்டு, மாலையில் டியர்பார்னின் லெபனான் உணவகங்களில் ஒன்றுக்குப் போனோம். அரபு மக்கள் மிகுதியாக வாழும் நகரம் என்பதால் ஃபலாஃபல், ஹம்மஸ், கத்தரிக்காய் என்று சைவர்களுக்குக் குறையே இல்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, மேலே முறுகிய வெங்காயம் தூவிய முஜத்தராவை ஒரு வாய் வைத்ததும், "இது நம்ம அரிசிம்பருப்புச் சோறல்லோ" என்றார் அம்மா. இரண்டு வரமிளகாய் கிள்ளிப் போட்டிருக்கலாம் என்பது மட்டும் அவருடைய குறை.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்காக மட்டும் போவதென்றால், பண்ணையும் ரயிலும் ராட்டினமும் போதும். அதற்கு இவ்வளவு செலவு தேவையா என்று நான் யோசிப்பேன். ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, முன்தயாரிப்போடு போனால், கொடுத்த காசு வீண்போகாது. ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் போகிறவர்கள் உறுப்பினர் அட்டை வாங்கிவிடுவதே கட்டுப்படியாகும். அட்டை இருந்தால் எல்லாவற்றையும் இன்றே பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றமும் போய்விடுகிறது. கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் தம் இருக்கையை விட்டுத்தர மறுத்த பேருந்து நிற்கும் ஃபோர்டு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருந்தாலும் அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கூரைக்குக் கீழே இருப்பது, பனிக்காலத்துக்கு ஆகும். திறந்தவெளியான கிராமமோ அக்டோபர் முடியும் வரைதான் தினமும் திறந்திருக்கும். நவம்பரில் வாரக்கடைசிகளோடு சரி, பிறகு பகல்நேரப் பார்வைக்கு ஏப்ரல் நடுவில்தான் மறுபடியும். ஃபோர்டு சிறுவனாகப் படித்த, பின்பு 1929-இல் செய்து கற்கும் முறையில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கிய ஸ்காட்ச் செட்டில்மென்ட் பள்ளிக்கூடத்தை நாங்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஏப்ரலில் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம். அம்மாவின் விசா மார்ச்சோடு முடிகிறது என்பதால், நெசவுக்கூடத்துக்கு மட்டும் இந்த மாதம் முடிவதற்குள் இன்னொரு முறை போயாக வேண்டும்.